எக்மோ ஒரு மதிப்பீடு: வைரஸ் தாக்கிய நுரையீரலுக்கு ஓய்வு வாங்கித் தரும் இயந்திரம்

எக்மோ பற்றிய ஏமாற்றங்களில் பெரும்பகுதி ஒரே எதிர்பார்ப்பிலிருந்து வருகிறது. இன்ஃப்ளூயன்ஸாவோ கோவிடோ சிதைத்துப்போட்ட நுரையீரலை இது சரிசெய்துவிடும் என்று நினைக்கிறார்கள். சரிசெய்யாது. வைரஸைக் கொல்லாது, அழற்சியைக் குறைக்காது. பெரிய சிரையிலிருந்து ரத்தத்தை வெளியே இழுத்து, அதில் ஆக்ஸிஜனை ஏற்றி, கார்பன் டை ஆக்சைடை இறக்கி, மறுபடி சிரைக்குள்ளேயே விடும். அந்த நேரத்தில் வென்டிலேட்டரைத் தணித்து வைக்கலாம். இதன் உண்மையான பயன் அதுதான்.

வைரஸ் நிமோனியா முற்றிய நுரையீரலில் காற்று புகக்கூடிய பகுதி மிகச் சிறியது. முழு நுரையீரலுக்குமான காற்றை அந்தச் சிறு பகுதிக்குள் அழுத்தித் திணித்தால் மிஞ்சியிருப்பதும் கெடும். எனவே எக்மோவில் போட்ட பிறகும் வென்டிலேட்டரைப் பழைய அழுத்தத்திலேயே ஓட்டும் தீவிர சிகிச்சை யூனிட், விலை உயர்ந்த பொருளை வாங்கி அதன் முக்கால்வாசிப் பயனைக் குப்பையில் போடுகிறது.

இங்கே பேசுவது சிரையிலிருந்து எடுத்துச் சிரைக்கே திருப்பும் விவி முறை பற்றி மட்டும். இது இதயத்துக்குத் துணை செய்யாது. வைரஸ் இதயத் தசையையும் தாக்கி ரத்த அழுத்தம் சரிந்துவிட்டால் தமனி வழியாகத் திருப்பும் விஏ முறை தேவைப்படலாம். அதன் சிக்கல்கள் தனி. எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட்) பார்க்காமல் விவி தொடங்குவது அவசரத்திலும் செய்யக் கூடாத காரியம்.

சான்று எவ்வளவு கனம்?

1971இல் முதன்முதலாக ஒரு பெரியவர் இந்த முறையில் பிழைத்தார். 1979இல் வெளியான அமெரிக்க ஆய்வில் எக்மோ பெற்றவர்கள், பெறாதவர்கள் இரு தரப்பிலும் பிழைத்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அத்தோடு பெரியவர்களுக்கான எக்மோ ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஓரங்கட்டப்பட்டது. அந்தக் காலத்துச் சுற்றில் ரத்தக்கசிவு ஏராளம், வென்டிலேட்டரும் தணிக்கப்படவில்லை. அந்த முடிவை இன்றைய கருவிக்குப் பொருத்துவது நியாயமில்லை.

2009இல் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே வந்தன. ஒன்று, பிரிட்டனின் சீசர் ஆய்வு: 180 நோயாளிகள், எக்மோ மையத்துக்கு அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் ஆறு மாதத்தில் கடும் ஊனமின்றி உயிரோடு இருந்தனர், மற்றவர்களில் 47 சதவீதம். இன்னொன்று எச்1என்1 கொள்ளைநோய்: ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் எக்மோ பெற்ற 68 பேரில் அறிக்கை எழுதப்பட்ட நேரத்தில் இறந்தவர்கள் 21 சதவீதம். அவர்களின் நடு வயது 34. சீசர் ஆய்வில் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு விவரம் உண்டு. மையத்துக்கு அனுப்பப்பட்ட 90 பேரில் 68 பேருக்குத்தான் உண்மையில் எக்மோ போடப்பட்டது. மற்றவர்களில் கணிசமானோர் அங்கே கிடைத்த ஒழுங்கான வென்டிலேட்டர் பராமரிப்பிலேயே தேறினர். அந்த வித்தியாசத்தில் இயந்திரத்தின் பங்கு எவ்வளவு, மையத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

2018இல் வந்த இயோலியா ஆய்வு 249 பேரைச் சேர்த்தது. 60 நாள் இறப்பு எக்மோவில் 35 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 46 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயல் அல்ல என்று சொல்லத் தேவையான புள்ளியியல் எல்லையைத் தொடவில்லை. ஆனால் வழக்கமான சிகிச்சைக் குழுவில் 28 சதவீதம் பேர் நிலைமை முற்றியதும் எக்மோவுக்கு மாற்றப்பட்டனர். "எக்மோவுக்குச் சான்றில்லை" என்று இந்த ஆய்வைக் காட்டுபவர்கள் அந்த 28 சதவீதத்தை மறைத்துவிட்டுப் பேசுகிறார்கள். கோவிடில், எக்மோ நோயாளிகளுக்கான உலகப் பதிவேட்டின் முதல் 1,035 பேரில் 90 நாள் மருத்துவமனை இறப்பு ஏறத்தாழ 37 சதவீதம். பின்னாளில், குறிப்பாகப் புதிதாகத் தொடங்கிய மையங்களில், அது பாதியைத் தாண்டியது. கருவி மாறவில்லை. நோயாளித் தேர்வும், களைத்துப்போன குழுக்களும், மாதக்கணக்கில் நீண்ட நோயும்தான் மாறின.

யாருக்கு, எப்போது

இயோலியாவின் வரம்புகளே இன்றும் கைக்கு வசதியானவை. பி/எஃப் விகிதம் (தமனி ரத்தத்தின் ஆக்ஸிஜன் அழுத்தத்தை, மூச்சில் தரும் ஆக்ஸிஜனின் பங்கால் வகுத்தது) 50க்குக் கீழே 3 மணி நேரத்துக்கு மேல், அல்லது 80க்குக் கீழே 6 மணி நேரத்துக்கு மேல், அல்லது கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 60ஐ எட்டியோ தாண்டியோ ரத்தத்தின் பிஎச் (அமில அளவு) 7.25க்குக் கீழே 6 மணி நேரத்துக்கு மேல். இவை எல்லாம் வென்டிலேட்டர் ஒழுங்காக அமைக்கப்பட்ட பிறகு பார்க்க வேண்டியவை. அதாவது கணித்த உடல் எடைக்குக் கிலோவுக்கு 6 மி.லி. மூச்சளவு, போதுமான பீப் (மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் வென்டிலேட்டர் தக்கவைக்கும் அழுத்தம்), தசைத் தளர்த்தி, எல்லாவற்றுக்கும் மேலாகக் குப்புறப் படுக்க வைத்தல்.

இந்தக் கடைசி விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். 466 பேரில் நடந்த புரோசேவா ஆய்வில் ஒவ்வொரு முறையும் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்க வைத்ததில் 28 நாள் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 சதவீதத்துக்கு இறங்கியது. ஒரு தலையணையும் நான்கைந்து பேரும் இருந்தால் நடக்கும் வேலை இது. இதை முறையாகச் செய்யாத யூனிட் எக்மோ வாங்குவது பற்றி யோசிக்கவே வேண்டாம்.

யாருக்கு வேண்டாம் என்பதும் அதே அளவு முக்கியம். உயர் அழுத்தத்தில் ஏழு நாளுக்கு மேல் வென்டிலேட்டரில் இருந்துவிட்டவர்கள், மூளையில் புதிய ரத்தக்கசிவு உள்ளவர்கள், மீளாத நுரையீரல் நோயோடு மாற்று அறுவைக்கும் வழியில்லாதவர்கள், நோய்க்கு முன்பே மிகத் தளர்ந்திருந்தவர்கள். வயதுக்கு எண் வைத்துக் கோடு போடுவது எளிது. ஆனால் வயது ஏற ஏறப் பலன் குறைகிறதே தவிர ஒரு பிறந்தநாளில் நின்றுவிடுவதில்லை. ஏழு நாள் என்பதும் கல்லில் பொறித்த கணக்கு அல்ல. மூன்று நாள் மூர்க்கமான அழுத்தத்தில் கிடந்த நுரையீரல், பத்து நாள் மென்மையாக நடத்தப்பட்டதைவிட மோசமாக இருக்கலாம்.

மையத்துக்குத் தொலைபேசியில் சொல்வது தாமதமாவதுதான் அதிகம் நடக்கும் தவறு. வரம்பைத் தொட்ட பிறகு அழைத்தால், குழு வந்து குழாய் போட்டு அழைத்துச் செல்வதற்குள் நேரம் கடந்துவிடும். இரண்டாவது முறை குப்புறப் போட்டும் ஆக்ஸிஜன் ஏறவில்லையென்றால் அப்போதே அழைக்க வேண்டும்.

பாகங்கள்

சுற்றில் ஐந்து பொருட்கள்: இழுக்கும் கேனுலா (சிரைக்குள் போடும் தடித்த குழாய்), பம்ப், ஆக்ஸிஜனேட்டர், திருப்பும் கேனுலா, சூடேற்றி. ரத்த ஓட்டத்தைப் பம்ப் தருகிறது. எவ்வளவு தர முடியும் என்பதைத் தீர்மானிப்பது இழுக்கும் கேனுலாவின் தடிமன். பெரியவருக்கு 23 முதல் 29 பிரெஞ்ச் வரை. மூன்று பிரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர் என்பதால் 25 பிரெஞ்ச் என்பது எட்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். திருப்பும் பக்கம் 17 முதல் 21 போதும். இழுக்கும் பக்கத்தில் கஞ்சத்தனம் செய்து 21 போட்டவர்கள், அடுத்த நாள் இரண்டாவது இழுப்புக் குழாய் போடும் நிலைக்கு வருவது வழக்கம்.

வழக்கமான அமைப்பு: தொடைச் சிரை வழியாக இழுப்பு, வலது கழுத்துச் சிரை வழியாகத் திருப்பல். ஒரே குழாயில் இரண்டு வழியும் உள்ள இரட்டைத் துளைக் கேனுலாவைக் கழுத்தில் மட்டும் போட்டால் நோயாளி எழுந்து நடக்கலாம். விளம்பரப் படங்களில் நன்றாக இருக்கும். ஆனால் இதை வைக்கும்போது எக்கோவோ எக்ஸ்ரே திரையோ கட்டாயம், குழாய்க்கு வழிகாட்டும் கம்பி வலது கீழறைக்குள் வழுக்கினால் இதயச் சுவர் துளையாகும் ஆபத்து உண்டு, சற்று நகர்ந்தாலும் ஓட்டம் கெடும். ரத்த ஓட்டம் அதிகம் தேவைப்படும் கடும் வைரஸ் நிமோனியாவின் முதல் வாரத்தில் இரண்டு தனிக் குழாய்களே எங்கள் தேர்வு.

ஆக்ஸிஜனேட்டரில் பாலிமெத்தில்பென்டீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன நுண்குழல் இழைகள் இருக்கும். இழைக்குள் வாயு, வெளியே ரத்தம். பழைய பாலிப்ரொப்பிலீன் இழைகளில் நுண்துளை வழியாக ஊனீர் (பிளாஸ்மா) கசிந்து சில மணி நேரத்திலேயே கெட்டுவிடும். இந்தப் பிளாஸ்டிக் வந்த பிறகுதான் ஒரே ஆக்ஸிஜனேட்டரை வாரக்கணக்கில் ஓட்ட முடிந்தது.

பம்பை இயக்கும் பெட்டியான கன்சோலின் தேர்வில் பெயர்களைவிடக் கட்டமைப்பைப் பார்க்க வேண்டும். கெட்டிங்கே நிறுவனத்தின் கார்டியோஹெல்ப் ஏறக்குறைய 10 கிலோ. பம்பும் ஆக்ஸிஜனேட்டரும் ஒரே தொகுதி, அழுத்தமும் சிரை ஆக்ஸிஜன் செறிவும் அளக்கும் உணரிகள் உள்ளேயே இருக்கின்றன. நோயாளியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் கொண்டுபோக இதைவிட வசதியானவை மிகக் குறைவு. குறை என்னவென்றால், ஆக்ஸிஜனேட்டரில் மட்டும் ரத்தக்கட்டி பிடித்தாலும் முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டும். ரோட்டாஃப்ளோ போலப் பம்புத் தலையும் ஆக்ஸிஜனேட்டரும் தனித்தனியாக உள்ளவற்றில் கெட்டதை மட்டும் மாற்றலாம். ஆனால் இணைப்புகள் அதிகம், அழுத்த உணரிகளை நீங்களே பொருத்த வேண்டும். சென்ட்ரிமேக் பம்பின் சுழலி காந்தத்தில் மிதப்பதால் உராயும் தாங்கி கிடையாது. நீண்ட நாள் ஓட்டத்துக்கு ஏற்றது. எதை வாங்கினாலும் அதே வகையில் இரண்டாவது கன்சோல் ஒன்று யூனிட்டில் இருந்தே ஆக வேண்டும். ஒன்றே ஒன்று வாங்க மட்டும் பணம் இருந்தால், அந்தப் பணத்தை நோயாளியைப் பெரிய மையத்துக்கு அனுப்பும் ஏற்பாட்டுக்குச் செலவிடுவது நல்லது.

தொடக்க மணி நேரம்

அல்ட்ராசவுண்ட் பார்த்தே ஊசி போட வேண்டும். கம்பி உள்ளே போனதும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், கிலோவுக்கு 50 முதல் 100 யூனிட். படிப்படியாகத் தடித்த விரிப்பான்களை நுழைக்கும்போது ஒவ்வொரு முறையும் கம்பி தாராளமாக முன்னும் பின்னும் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். நகரவில்லையென்றால் கம்பி மடிந்திருக்கிறது. அப்படியே தள்ளினால் விரிப்பான் சிரையைக் கிழித்துக்கொண்டு போகும். குழாய் போடும் கட்டத்தில் நடக்கும் மரணங்களில் இந்த மடிப்பு ஒரு பழைய குற்றவாளி.

இழுக்கும் குழாயின் நுனி கீழ்ப் பெருஞ்சிரை வலது மேலறையோடு சேரும் இடத்தில், திருப்பும் நுனி மேல் பெருஞ்சிரை சேரும் இடத்தில். இரண்டுக்கும் நடுவே பத்து சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். சுற்றை இணைக்கும்போது இரு முனைகளிலும் சலைன் சொட்டிக்கொண்டே, குமிழி ஒன்றுகூட இல்லாமல் இணைக்க வேண்டும். பிறகு குறைந்த சுழற்சியில் தொடங்கி, ஓட்டத்தை மெல்ல ஏற்றிக் கிலோவுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 80 மி.லி. வரை கொண்டுபோகலாம். பெரியவருக்கு அது நிமிடத்துக்கு 4 முதல் 6 லிட்டர்.

வாயுப் பக்கம் இரண்டு திருகுகள். ஒன்று ஆக்ஸிஜன் விகிதம். இதைத் தொடக்கத்தில் 100 சதவீதத்தில் வைப்பது வழக்கம். மற்றது ஸ்வீப், அதாவது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வாயு. இதுதான் கார்பன் டை ஆக்சைடைத் தீர்மானிக்கும். ஆக்ஸிஜன் குறைந்தால் ஸ்வீப்பை ஏற்றுவது புதியவர்கள் செய்யும் தவறு. ஸ்வீப் ஆக்ஸிஜனை ஏறக்குறைய மாற்றாது, ரத்த ஓட்டம்தான் மாற்றும்.

ஸ்வீப்பை நிமிடத்துக்கு 2 லிட்டரில் தொடங்கி, அரை மணி நேரத்தில் தமனி ரத்தம் எடுத்துப் பார்த்து, மெதுவாக ஏற்ற வேண்டும். நாள் கணக்கில் கார்பன் டை ஆக்சைடு 80இல் இருந்தவருக்கு ஒரே மணி நேரத்தில் 40 ஆக்கிக் காட்டுவது சாமர்த்தியம் அல்ல. மூளையின் ரத்தக் குழாய்கள் திடீரெனச் சுருங்கும். முதல் 24 மணி நேரத்தில் அந்த அழுத்தம் பாதிக்கும் மேல் விழுந்தவர்களில் மூளைப் பாதிப்பு அதிகம் என்பதை உலகப் பதிவேட்டுத் தரவு தெளிவாகக் காட்டியிருக்கிறது.

ரத்தம் ஓடத் தொடங்கியதும் வென்டிலேட்டரைத் தணியுங்கள். பிளாட்டோ அழுத்தம் (மூச்சு உள்ளே போய் நின்ற கணத்தில் நுரையீரலில் உள்ள அழுத்தம்) 24 செ.மீ. நீருக்குள், பீப் 10 அளவில், நிமிடத்துக்கு 10 முதல் 20 மூச்சு, ஆக்ஸிஜன் 30 முதல் 50 சதவீதம். மூச்சளவு 100 மி.லி. ஆகச் சுருங்கலாம், எக்ஸ்ரே முழுவதும் வெள்ளையாகலாம். பதற வேண்டாம். அந்த நுரையீரலை அன்றே திறந்துவிட முயல்பவர்கள்தான் காற்றுக் கசிவை உண்டாக்குகிறார்கள்.

ஆக்ஸிஜன் செறிவு 86 சதவீதம் என்றால் என்ன அர்த்தம்

விவி எக்மோவில் விரலில் மாட்டிய கருவி 99 காட்டாது. காரணம் எளிய கணக்கு. நோயாளியின் இதயம் நிமிடத்துக்கு 10 லிட்டர் தள்ளுகிறது, எக்மோ 5 லிட்டர் தருகிறது என்று வையுங்கள். எக்மோ வழி வந்த பாதி 100 சதவீதம் நிறைந்தது. மீதிப் பாதி 65 சதவீதத்திலேயே நுரையீரலைக் கடக்கிறது, அந்த நுரையீரல் எதையும் சேர்ப்பதில்லை. இரண்டும் கலந்தால் 82க்குச் சற்று மேல். எக்மோ ஓட்டம் இதய வெளியேற்றத்தில் 60 சதவீதத்தைத் தாண்டினால்தான் செறிவு 90ஐத் தொடுவதை எதிர்பார்க்கலாம்.

ஹீமோகுளோபின் போதுமானதாக, லாக்டேட் (திசுவுக்கு ஆக்ஸிஜன் போதாதபோது ரத்தத்தில் ஏறும் பொருள்) இயல்பாக, சிறுநீர் இறங்கிக்கொண்டிருந்தால் 85 முதல் 90 வரை ஏற்கத்தக்கதே. அதற்கும் கீழே போனால் வரிசையாக யோசிக்க வேண்டும். முதலில் தேவையைக் குறையுங்கள்: காய்ச்சல், நடுக்கம், திமிறல் எல்லாம் இதய வெளியேற்றத்தை ஏற்றுகின்றன, மயக்க மருந்து, தசைத் தளர்த்தி, சூடேற்றியின் வெப்பநிலையைச் சற்றுக் குறைத்தல் உதவும். பிறகு ஓட்டத்தைக் கூட்டுங்கள். அதுவும் போதவில்லையென்றால் இரண்டாவது இழுப்புக் குழாய். பீட்டா தடுப்பி கொடுத்தால் இதய வெளியேற்றம் குறைந்து திரையில் எண் ஏறும். ஆனால் திசுவுக்குப் போய்ச் சேரும் ஆக்ஸிஜன் உண்மையில் குறையக்கூடும். எண்ணை அழகாக்கும் இந்த வித்தை எங்களுக்கு உடன்பாடில்லை.

என்னென்ன கெடும்

முதலில் இரண்டு குழாய்களின் நிறத்தைப் பாருங்கள். எந்த மானிட்டரையும்விட வேகமாகத் தகவல் தருவது அதுதான். இழுக்கும் குழாய் கருஞ்சிவப்பு, திருப்பும் குழாய் பளிச்சென்ற சிவப்பு. இரண்டும் கறுத்திருந்தால் ஆக்ஸிஜனேட்டருக்கு வாயு போகவில்லை. சுவரில் ஆக்ஸிஜன் குழாய் கழன்றிருக்கும், கலப்பானை யாரோ திருகியிருப்பார்கள், ஸ்கேனுக்குப் போன வழியில் சிலிண்டர் தீர்ந்திருக்கும். பம்ப் வழக்கம்போல் ஓடும், பெரும்பாலான அமைப்புகளில் அலாரமும் அடிக்காது. இதுபோல ஓசையின்றி ஆளைக் கொல்லும் பிழை இந்தச் சுற்றில் வேறில்லை.

இரண்டும் பளிச்சென்று இருந்து நோயாளி மட்டும் நீலம் பாரித்தால் அது மறுசுழற்சி. திருப்பிய ரத்தத்தையே இழுக்கும் குழாய் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. ஆக்ஸிஜனேட்டருக்கு முன்னால் செறிவு 75ஐத் தாண்டி, தமனியில் குறைந்துகொண்டே போனால் சந்தேகமே வேண்டாம். பம்பைக் கூட்டினால் மறுசுழற்சி கூடும், நோயாளி இன்னும் நீலமாவார். எக்கோவில் நுனிகளைப் பார்த்து ஒன்றைச் சற்று இழுத்து விலக்குவதே மருந்து.

குழாய் துடிப்பது அன்றாடத் தொல்லை. கிணற்றில் நீர் வற்றும்போது மோட்டார் இழுபடுவது போலக் குழாய் குலுங்கும், ஓட்டத்தின் எண் மேலும் கீழும் ஆடும். சிரையில் இருக்கும் ரத்தத்தைவிட அதிகமாகப் பம்ப் கேட்கிறது, சிரைச் சுவர் கேனுலாவின் துளைகளில் ஒட்டிக்கொள்கிறது. முதல் வேலை சுழற்சியைக் குறைப்பது. பல நேரம் அப்போது ஓட்டம் கூடவே செய்யும். அடுத்தது காரணம் தேடுவது: ரத்தக்கசிவா, இருமலா, வயிற்றழுத்தமா, நுரையீரல் உறைக்குள் காற்றா, இதய உறைக்குள் நீரா, கால் மடங்கிக் குழாய் நெரிகிறதா. ஒவ்வொரு துடிப்புக்கும் கைப்பழக்கமாகச் சலைன் விட்டால் மூன்றாம் நாள் நுரையீரல் இன்னும் ஊறிப் போயிருக்கும். இழுப்புப் பக்க அழுத்தம் மைனஸ் 100 மி.மீ. பாதரசத்தைத் தாண்டி ஆழமாகப் போகாமல் பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம். மைனஸ் 300ஐ நெருங்கினால் சிவப்பணுக்கள் உடையும்.

உடைகின்றன என்பதற்கு அடையாளம்: கோலா நிறச் சிறுநீர், ஊனீரில் தனி ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 50 மி.கி.க்கு மேல். இழுப்பு அழுத்தம் சரியாக இருந்தும் இது ஏறினால் பம்புத் தலையில் கட்டி இருக்கிறது. காதை அருகே வைத்தால் உராயும் சத்தம் கேட்கும். பம்புத் தலையை மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆக்ஸிஜனேட்டரை ஒவ்வொரு ஷிஃப்டிலும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். கறுப்புத் திட்டு என்றால் ரத்தக்கட்டி, வெள்ளை நூல் என்றால் ஃபைப்ரின் என்னும் உறைவுப் புரதம். மூலைகளில் சிறு திட்டு இருப்பது சகஜம். திருப்பும் பக்கத்தில் இருந்தால் அது நேராக நோயாளிக்குள் போகும் என்பதால் கவலை அதிகம். அதைவிட நம்பகமானவை இரண்டு எண்கள். ஆக்ஸிஜனேட்டரின் இரு பக்க அழுத்த வித்தியாசம், ஒரே ஓட்டத்தில் நாளுக்கு நாள் ஏறுகிறதா. 100 சதவீத ஆக்ஸிஜனில் ஆக்ஸிஜனேட்டருக்குப் பிந்தைய ரத்தத்தின் ஆக்ஸிஜன் அழுத்தம் 200க்குக் கீழே இறங்குகிறதா. புதியது 300க்கு மேல் காட்டும். தட்டணுவும் ஃபைப்ரினோஜனும் சரிந்து, கட்டி கரையும்போது உண்டாகும் டி-டைமர் எகிறினால் சுற்றே உறைவுப் பொருட்களைத் தின்றுகொண்டிருக்கிறது. சுற்றை மாற்றியதும் ஓரிரு நாளில் எண்கள் திரும்பும்.

ஆக்ஸிஜன் நன்றாக ஏறி, கார்பன் டை ஆக்சைடு மட்டும் இறங்க மறுத்தால் உடனே மாற்ற ஓட வேண்டாம். இழைக்குள் நீராவி தேங்கியிருக்கலாம். ஸ்வீப்பைச் சில விநாடிகள் மட்டும் 10 லிட்டருக்கு ஏற்றி இறக்கினால் வெளியேறிவிடும். வாயு வெளியேறும் துளையை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள். வாயு அழுத்தம் ரத்த அழுத்தத்தை மீறினால் குமிழிகள் ரத்தத்துக்குள் புகும்.

காற்று புகுந்தாலோ குழாய் கழன்றாலோ செய்ய வேண்டியது ஒன்றுதான்: நோயாளிக்கு அருகில் இரு குழாய்களையும் கிளாம்ப் போட்டு, வென்டிலேட்டரை முழு ஆதரவுக்கு ஏற்றி, குழுவைக் கூப்பிடுங்கள். அதற்காகத்தான் படுக்கையருகே நான்கு கிளாம்புகள் எப்போதும் தொங்க வேண்டும். அலமாரியில் பூட்டி வைத்த கிளாம்ப் இல்லாததற்குச் சமம். பம்பைக் கையால் சுற்றும் கைப்பிடியும் பக்கத்திலேயே இருக்கட்டும். யூனிட்டில் யாரெல்லாம் அதைச் சுற்றிப் பழகியிருக்கிறார்கள் என்று மின்சாரம் போன பிறகு விசாரிக்க முடியாது.

ரத்தம் உறையவும் கூடாது, கசியவும் கூடாது

தொடர் ஹெப்பாரின் அளவை ஏபிடிடி (ரத்தம் உறைய ஆகும் நேரம்) இயல்பில் 1.5 முதல் 2.5 மடங்கு, அல்லது ஹெப்பாரினின் வேலையை நேரடியாக அளக்கும் ஆன்டி-டென்ஏ (anti-Xa) 0.3 முதல் 0.7 வரை என்று வைப்பது பரவலான வழக்கம். கசிவு வாய்ப்புள்ளவருக்குக் கீழ் எல்லையே போதும். ஓட்டம் 4 லிட்டருக்கு மேல் இருந்தால், கசிவின்போது ஹெப்பாரினை நாள் கணக்கில் நிறுத்தியும் விவி சுற்றை ஓட்டலாம். சுற்றை மாற்ற முடியும், மூளையை மாற்ற முடியாது. ஹெப்பாரினாலேயே தட்டணு சரியும் எதிர்வினை வந்தால் பைவாலிருடின் அல்லது ஆர்காட்ரோபன்.

பம்பின் உராய்வில், ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்டு காரணி சிதைவதால், ஹெப்பாரின் இல்லாமலேயே மூக்கிலும் தொண்டையிலும் கசியும். ஆகவே தேவையற்ற மூக்குக் குழாய், முரட்டு உறிஞ்சல், ரத்தமெடுக்கப் புதிதுபுதிதாக ஊசி எல்லாவற்றையும் தவிருங்கள். நுரையீரல் உறையில் சிறிது காற்று தெரிந்தவுடன் மார்புக் குழாய் போடும் கை துறுதுறுக்கும். ரத்த ஓட்டம் பாதிக்கப்படவில்லை, வென்டிலேட்டரும் தணிந்தே இருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள். அந்தக் குழாயைச் சுற்றி வரும் கசிவு காற்றைவிடப் பெரிய பிரச்சினை. கண்மணிகளை மணிக்கொரு முறை பார்ப்பது ஆழ்மயக்கத்தில் இருப்பவரின் மூளையைக் கவனிக்க மிஞ்சியிருக்கும் ஒரே எளிய வழி.

மருந்துகளும் சுற்றில் ஒட்டும். ஃபென்டனில், மிடாசோலம் போலக் கொழுப்பில் கரைபவை குழாயிலேயே தங்கிவிடுவதால் முதல் நாட்களில் வழக்கத்தைவிட அதிக அளவு தேவைப்படும். சூடேற்றி உடல் வெப்பத்தைப் பிடித்து வைத்திருப்பதால் காய்ச்சல் பெரும்பாலும் வெளியே தெரியாது. புதிய தொற்றைக் காய்ச்சலை வைத்துத் தேடினால் கண்டுபிடிக்க முடியாது. இன்ஃப்ளூயன்ஸாவோடு ஸ்டெஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவும், இன்ஃப்ளூயன்ஸா, கோவிட் இரண்டோடும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையும் வருவது தெரிந்ததே. சளி மாதிரியைத் தவணை வைத்து அனுப்புங்கள்.

சிறிய கருவிகள்

கார்பன் டை ஆக்சைடை மட்டும் எடுக்கும், டயாலிசிஸ் குழாய் அளவுக் கேனுலா போதும் என்ற சிறு கருவிகளும் சந்தையில் உண்டு. குழாய் சிறிது, தொந்தரவு குறைவு என்பது விற்பனைப் பேச்சு. 412 பேரில் நடந்த ரெஸ்ட் ஆய்வில் 90 நாள் இறப்பு 41.5 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 39.5. ஆக்ஸிஜனே ஏறாத வைரஸ் நிமோனியாவுக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் ஓட்டம் எதற்கும் ஆகாது. வாங்க வேண்டாம்.

ஆட்கள்

ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர், இருபத்து நான்கு மணி நேரமும் சுற்றைக் கையாளத் தெரிந்த பெர்ஃப்யூஷனிஸ்ட் (ரத்தச் சுற்று இயந்திரங்களை இயக்கும் வல்லுநர்) அல்லது பயிற்சி பெற்றவர். ஆண்டுக்கு ஆறு நோயாளிகளாவது இல்லாத மையம் கைப்பழக்கத்தைத் தக்கவைக்க முடியாது என்பது சர்வதேச எக்மோ அமைப்பான எல்சோவின் நிலைப்பாடு. பெரியவர்களில் ஆண்டுக்கு 30க்கு மேல் செய்யும் மையங்களில் இறப்பு குறைவு என்று பதிவேடு காட்டுகிறது. கொள்ளைநோய் வரும்போது அவசரமாக யூனிட் திறப்பதைவிட, இருக்கும் மையத்துக்கு இன்னும் நான்கு படுக்கையும் செவிலியர்களும் தருவது பலனுள்ளது.

கழற்றுவது

இன்ஃப்ளூயன்ஸாவில் பத்து நாள் அளவில் நுரையீரல் திறக்கத் தொடங்கும். கோவிடில் மூன்று, நான்கு வாரம் ஆனாலும் வியப்பில்லை, ஆகவே காலக்கெடு வைத்துக் கைவிடாதீர்கள். எக்ஸ்ரே தெளிந்து, தணிந்த அழுத்தத்திலேயே மூச்சளவு கூடினால் சோதனைக்கு நேரம் வந்துவிட்டது. வென்டிலேட்டரை ஆக்ஸிஜன் 60 சதவீதத்துக்குள், பீப் 10க்குள் வைத்து, ஸ்வீப்பைப் படிப்படியாகக் குறைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். ரத்த ஓட்டம் அப்படியே இருக்கட்டும். அதைக் குறைத்தால் சுற்று உறையும். வாயு நின்றதும் இரு குழாய்களும் ஒரே கருமையாகும். பல மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு, அப்படி விட்டுப் பாருங்கள். எண்களோடு மூச்சிழுக்கும் சிரமத்தையும் கவனிக்க வேண்டும். இரத்த வாயு சரியாக இருந்தும் நோயாளி நிமிடத்துக்கு நாற்பது தடவை மூச்சிழுத்தால் அவர் தேறவில்லை, இழுத்துப்பிடித்துக்கொண்டிருக்கிறார்.

ஹெப்பாரினை ஒரு மணி நேரம் முன்பே நிறுத்தி, கேனுலாவைச் சுற்றித் தையல் போட்டு உருவலாம். கழுத்துக் குழாயை எடுக்கும்போது தலையைத் தாழ்த்தி, மூச்சு உள்ளிழுக்காத தருணத்தில் எடுக்க வேண்டும், இல்லையேல் துளை வழியாகக் காற்று உள்ளே போகும். பிறகு இருபது, முப்பது நிமிடம் விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அடுத்த ஓரிரு நாளில் குழாய் இருந்த சிரைகள் எல்லாவற்றையும் டாப்ளரில் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) பாருங்கள்; ரத்தக்கட்டி இருப்பது மிகச் சாதாரணம், கால் வீங்காததால் மட்டும் இல்லை என்று ஆகிவிடாது. இருந்தால் மூன்று மாதம் உறைவுத் தடுப்பு மருந்து என்பது வழக்கம்.